"அண்ணை, கேம் இழுக்குது": வெட்டுக்குத்துக் கேம்களுக்கு ஒரு கைவைத்தியம்

கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தன் பக்கம் சின்னதாக ஒரு கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட லீவு விட்டால் போதும், லேப்டொப்பைத் துவாயில் சுற்றிக்கொண்டு பெடியங்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். "அண்ணை, கேம் இழுக்குது." தடங்கித் தடங்கி மெதுவாக ஓடுகிறது என்று அர்த்தம். நோயாளி சொல்லும் வரலாறு அவ்வளவுதான். என்ன கேம் என்று பார்த்தால் பெரும்பாலும் ஒரே சாதி. இருட்டுக் குகை, அறைக்கு அறை அரக்கர், கையில் வாள், வெட்டுகிற வெட்டில் சுவரெல்லாம் இரத்தம், செத்தால் முதலிலிருந்து தொடக்கம். ரோக்லைக் என்று சொல்வார்கள். 1980 இல் வந்த ரோக் என்ற கேமின் பேரப்பிள்ளைகள். அந்தப் பழைய கேமில் அரக்கர்கள் வெறும் ஆங்கில எழுத்துகள், ஒரு சொட்டு இரத்தம் கிடையாது. பேரப்பிள்ளைகள்தான் இப்படி.

நான் கேட்கும் முதல் கேள்வி, எப்போது இழுக்கிறது என்பதுதான். திறக்கும்போதா? அறை நிறைய அரக்கர் வந்தபோதா? இருபது நிமிடம் விளையாடிய பிறகா? கரண்ட் போய் வந்த பிறகா? அதற்குச் சரியான பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கீழே எழுதியிருப்பதும் அந்த ஒழுங்கில்தான்.

கிளிக் பண்ணினேன், வட்டம் சுற்றியது, பிறகு ஒன்றும் இல்லை

திரையில் ஏதாவது பெட்டி வந்ததா என்று பாருங்கள். வந்தால் மூடமுன் போனில் ஒரு படம் எடுங்கள். "ஏதோ இங்கிலிசில வந்தது, ஓகே குடுத்திட்டன்" என்று சொன்னால் நானும் உங்களைப் போலத்தான் இருட்டில் நிற்பேன்.

பெட்டியில் விசிரன்டைம்140 அல்லது எம்எஸ்விசிபி140 என்ற டிஎல்எல் பைல் (கேமுக்கு வேண்டிய துணைப் பைல்) இல்லை என்று இருந்தால், மைக்ரோசொப்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் பொதி வேண்டும். 2015 முதல் 2022 வரையான பதிப்புகளுக்கு ஒரே பொதிதான். 32 பிட், 64 பிட் இரண்டையும் போடுங்கள். லேப்டொப் 64 பிட் என்றாலும் கேம் 32 பிட்டாக இருக்கலாம். டி3டிஎக்ஸ்9 என்றோ எக்ஸ்இன்புட்1_3 என்றோ தொடங்கும் பைல் இல்லை என்றால், வேண்டியது 2010 ஜூனில் வந்த டைரக்ட்எக்ஸ் பொதி. கேம்கள் படம் வரைய விண்டோஸில் பாவிக்கும் வழிதான் டைரக்ட்எக்ஸ். விண்டோஸ் 11 இல் டைரக்ட்எக்ஸ் 12 இருக்கிறதே என்று கேட்காதீர்கள். பழைய கேம்கள் தேடும் அந்தத் துணைப் பைல்கள் அதனோடு சேர்ந்து வருவதில்லை.

அந்த ஒற்றை டிஎல்எல் பைலை மட்டும் எங்கோ ஒரு தளத்திலிருந்து இறக்கிப் போடும் வேலை வேண்டாம். 32 பிட் பைல் போகவேண்டிய இடத்தில் 64 பிட் பைல் போய் உட்காரும். அடுத்த தடவை திறக்கும்போது 7பி என்று முடியும் நீண்ட எண் ஒன்று பிழையாக வரும். பலர் என்னிடம் வருவது அந்த இரண்டாம் பிழையோடுதான். முதல் பிழையை எப்போதோ மறந்திருப்பார்கள்.

பெட்டி ஒன்றும் வரவில்லையா? அப்படியானால் வைரஸ் காவலின் வரலாற்றைத் திறந்து பாருங்கள், கேமின் பைல் ஒன்றைத் தூக்கிச் சிறையில் வைத்திருக்கலாம். பென் ட்ரைவில் கை மாறி வந்த பிரதி என்றால் அது சிறையிலேயே இருக்கட்டும். அந்தக் காவலை நிறுத்தித் தரச் சொல்லிக் கேட்பவர்களுக்கு நான் செய்து கொடுப்பதில்லை. ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வாங்கியது என்றால், கேமின் பெயரில் வலது கிளிக், ப்ரொபர்டீஸ், இன்ஸ்டால்ட் பைல்ஸ், அதற்குள் வெரிபை. கெட்டுப்போன பைல்களை மட்டும்தான் திரும்ப இறக்கும். முழுக்க அழித்துவிட்டு மறுபடி இறக்கி டேட்டாவைக் கரைக்கத் தேவையில்லை.

அடுத்தது லேப்டொப்பின் வயது. இங்கே கைக்கு வரும் பழைய லேப்டொப்களில் இரண்டாம் தலைமுறை இன்டெல் ஐ5 நிறைய. ஸ்டிக்கரில் ஐ5 என்று இருக்கும், பையன் புதுசு என்று நம்பியிருப்பான். சிஸ்டம் விபரத்தில் ஐ5க்குப் பிறகு வரும் நான்கு இலக்கம் 2 இல் தொடங்கினால் அதற்குள் இருப்பது எச்டி 3000 கிராபிக்ஸ். அது டைரக்ட்எக்ஸ் 10.1 வரைதான் போகும். டைரக்ட்எக்ஸ் 11 கேட்கும் கேம் அதில் திறக்காது. செற்றிங்ஸ் என்ன மாற்றினாலும், ரேம் எவ்வளவு போட்டாலும் திறக்காது. 3 இல் தொடங்கினால் பெரும்பாலும் எச்டி 4000, அங்கே 11 ஓடும். வாங்கமுன் பார்க்கவேண்டிய ஒரே ஒரு எண் இதுதான். ஓப்பன்ஜிஎல் என்ற வேறு வழியில் ஓடும் தனிப் பைல் சில கேம்களில் உண்டு. டெட் செல்ஸ் என்ற கேமின் போல்டரைத் திறந்தால் ஜிஎல் என்று முடியும் இரண்டாவது பைல் இருக்கும். வழமையான பைல் கறுப்புத் திரை காட்டினால் அதைத் தட்டிப் பாருங்கள்.

இன்னொன்று, இது எங்கள் ஆட்களுக்கே உரியது. விண்டோஸ் போடும்போது ஆசையாகப் பயனர் பெயரைத் தமிழில் கொடுத்திருப்பார்கள். அந்தப் பெயரிலேயே போல்டரும் உருவாகும். கேமை எழுதியவர் ஆங்கில எழுத்தைத் தவிர வேறொன்றை எதிர்பார்க்கவில்லை என்றால், சேவ் பைலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கேம் திறந்த கையோடு மூடிவிடும். பெயரைப் பிறகு மாற்றினாலும் போல்டரின் பெயர் மாறாது. ஆங்கில எழுத்தில் புதுப் பயனர் ஒன்று உண்டாக்கி அதில் விளையாடுங்கள். எனக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு முழு நாள் போனது. தமிழ்ப் பற்றாலே வந்த கரைச்சல் என்பதால் கோபமும் வரவில்லை.

நடந்து போகும்போது நல்லாய் ஓடுகிறது, சண்டை தொடங்கினால் இழுக்கிறது

இங்கேதான் இரத்தம் வருகிறது.

வினாடிக்கு 60 படம் காட்டவேண்டும் என்றால் ஒரு படத்தை வரைய 16.7 மில்லிசெக்கன்தான் இருக்கிறது. வெறும் மண்டபத்தில் வீரன் நடக்கும்போது அது தாராளம். பதினைந்து அரக்கர் சூழ்ந்து நிற்க, ஒரு வீச்சில் ஆறு பேரை வெட்டினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பத்து இருபது துளிகள் பறக்கும். துளிகள் பாதி ஒளி ஊடுருவுபவை, ஒன்றுக்கு மேல் ஒன்று விழும்போது கிராபிக்ஸ் சிப் அதே புள்ளியைத் திரும்பத் திரும்ப வரையவேண்டும். சுவரிலும் தரையிலும் கறை ஒட்டும், அந்தக் கறை அறையை விட்டு வெளியேறும்வரை கணக்கில் இருக்கும். துண்டான கையும் தலையும் உருண்டு எங்கே நிற்கும் என்று கணக்குப் பார்ப்பது பெரும்பாலும் பிரதான புரொசெசரின் வேலை. இத்தனையும் அந்த 16.7 மில்லிசெக்கனுக்குள். திரையில் புள்ளி புள்ளியாகப் பழைய காலத்துப் படம் போல இருக்கிறதே, இதற்கு என்ன பாரம் என்று கேட்பார்கள். படம்தான் பழசு மாதிரி, பாரம் புதுசு.

ஆகவே செற்றிங்ஸில் முதலில் கை வைக்கவேண்டியது இரத்தம், கோர் (வெட்டுண்ட உடல் சிதறல்), பார்டிகிள் (பறக்கும் துளிகள்), டெகால் (ஒட்டும் கறைகள்) என்று பெயர் இருக்கும் வரிகளில். எல்லாக் கேமிலும் எல்லாம் இருக்காது. கோர் என்ற வரி இருந்தால் அணையுங்கள். இல்லாவிட்டால் பார்டிகிள் அளவைக் கடைசிக்குக் கொண்டுவாருங்கள். பெடியங்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள். "இரத்தம் இல்லாட்டி என்னண்ணை கேம்?" சரி, நிழலையும் தூரத்து மங்கலையும் முதலில் குறைத்துப் பார் என்று விட்டுவிடுவேன். இரண்டு நாளில் திரும்பி வருவார்கள்.

அதற்குப் பிறகு திரையின் அளவு. 1920க்கு 1080 என்றால் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். 1280க்கு 720 என்றால் ஒன்பது இலட்சத்துச் சொச்சம். பாதிக்கும் குறைவு. பதினைந்து அங்குலத் திரையில், சண்டை நேரத்தில், அந்த வித்தியாசத்தைக் கவனிக்க யாருக்கு நேரம்?

லேப்டொப்பில் இரண்டு கிராபிக்ஸ் இருந்தால் கேம் சின்னதைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா என்று பாருங்கள். செற்றிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய்க் கேமைச் சேர்த்து ஹை பெர்போமன்ஸ் கொடுக்கவேண்டும்.

தனிக் கிராபிக்ஸ் இல்லாத லேப்டொப் என்றால் காசு செலவழிக்க ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது: ரேம். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் சிப்புக்குச் சொந்த நினைவகம் கிடையாது, ரேமைத்தான் பங்கு போடுகிறது. டாஸ்க் மனேஜரில் மெமரி பக்கத்தில் இரண்டில் ஒரு சொருகி மட்டும் பாவனையில் என்று இருந்தால், அதே வகை இரண்டாவது குச்சி ஒன்றைப் போடுங்கள். இரண்டு வழியாலும் தரவு ஓடும். கொள்ளளவு கூடுவதைவிட இந்த இரட்டை வழிதான் கேமுக்கு உதவுகிறது. விசுவமடுவிலிருந்து வந்த ஒரு தம்பிக்குப் பழைய 4 ஜிபி குச்சி ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். வீட்டுக்குப் போய் "புது லேப்டொப் மாதிரி இருக்கண்ணை" என்று போன் எடுத்தான். அவ்வளவு இல்லை, ஆனால் நல்ல முன்னேற்றம்தான்.

ஒரு புது வகை அரக்கன் முதல் தடவை வரும்போது மட்டும் ஒரு கணம் விக்கி, பிறகு சரியாக ஓடுகிறதென்றால் அது வேறு கதை. டிஸ்க்கிலிருந்து அவனை ஏற்றும் நேரம் அது. பழைய சுற்றும் ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றினால் பெரும்பாலும் போய்விடும்.

முதலில் நன்றாக ஓடியது, இருபது நிமிடத்தில் இழுக்கத் தொடங்கியது

இது சூடு. அரக்கர் இல்லாத வெறும் அறையிலும் இழுக்கிறதா, காற்றாடி அலறுகிறதா, சில நேரம் தானாகவே அணைந்துவிடுகிறதா? அப்படியானால் சந்தேகமே வேண்டாம். 95, 100 பாகையை நெருங்கியதும் புரொசெசர் தன்னைக் காப்பாற்றத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குறைத்தும் சரிவராவிட்டால் அணைந்துவிடும்.

எங்கள் ஊரில் இதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை காய்ச்சல் வெயில், மேலே தகரம் அல்லது சீற், வாசலுக்கு வெளியே கிறவல் ரோட்டு. ஒரு டிப்பர் போனால் வீட்டுக்குள் செம்மண் தூசி. அந்தத் தூசி காற்றாடி வழியாக உள்ளே போய், சூடு வெளியேறும் செப்புத் தகடுகளுக்கு முன்னால் கம்பளி மாதிரிப் படியும். திறந்து பார்த்தால் உரித்து எடுக்கலாம். பல்லி முட்டையும் கண்டிருக்கிறேன்.

திறக்கத் தெரியாவிட்டால் திறக்காதீர்கள். தெரிந்தவர்களுக்கு: மின்சாரத்தையும் பற்றரியையும் கழற்றிவிட்டு, காற்று அடிக்கமுன் காற்றாடியின் இதழ்களுக்கு இடையில் ஒரு ஈர்க்கைச் செருகிப் பிடியுங்கள். காற்றின் வேகத்தில் அது கட்டுமீறிச் சுற்றினால் உருளை கெட்டுவிடும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் கம்பிரெசரைக் கிட்டப் பிடிக்கவேண்டாம், அதில் தண்ணீரும் சேர்ந்து வரும். கையால் அமுக்கும் புளோவர் போதும். நாலைந்து வருடம் திறக்காத லேப்டொப் என்றால் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும், அதையும் மாற்றிவிடுங்கள்.

திறக்காமலே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பவர் ஒப்ஷன்ஸில் மேலதிக செற்றிங்ஸ், புரொசெசர் பவர் மனேஜ்மென்ட், அதற்குள் மக்சிமம் புரொசெசர் ஸ்டேட். 100 என்று இருப்பதை 99 ஆக்குங்கள். ஒன்றே ஒன்று குறைப்பதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். பல இன்டெல் லேப்டொப்களில் அந்த ஒன்று போனதும் டர்போ என்ற அதிவேகம் நின்றுவிடும், சூடும் நன்றாக இறங்கும். தொடக்க வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் ஒரு மணி நேரம் ஒரே சீராக ஓடும். புதிய லேப்டொப்கள் சிலவற்றில் இந்த வரி கண்ணில் படாது. அங்கே கேமுக்குள் போய் வினாடிக்கு 30 அல்லது 40 படம் என்று வரம்பு வையுங்கள், அதே பலன்.

மெத்தையிலும் தலையணையிலும் வைத்து விளையாடுவதை நிறுத்துங்கள். பின்பக்கத்துக்கு இரண்டு கொப்பி அண்டை கொடுத்து, அடிப்பக்கம் காற்றுப் போக விடுங்கள்.

சூடே இல்லாமல் தொடக்கத்திலிருந்தே இழுவை என்றால் சார்ஜரைப் பாருங்கள். சில லேப்டொப்கள் தமக்குத் தெரியாத சார்ஜரைக் கண்டால் சார்ஜும் ஏற்றாது, வேகத்தையும் அடிமட்டத்துக்குக் கொண்டுபோய்விடும்.

கரண்ட் போய் வந்தது, என் ஆளைக் காணவில்லை

முதலில் இது பிழையா, கேமின் குணமா என்று பிரிக்கவேண்டும். இந்தச் சாதிக் கேமில் செத்தால் செத்ததுதான். அந்தப் பழைய ரோக் கேமிலேயே சேவ் பண்ணியதைத் திறந்த உடனே சேவ் பைலை அழித்துவிடும் வழக்கம் இருந்தது, யாரும் பின்னால் போய்த் தப்பக்கூடாது என்று. ஆகவே அரக்கன் கொன்று ஆள் போனால் அழுதுவிட்டு மறுபடி தொடங்குங்கள். ஹேடிஸ் என்ற கேமில் இந்தச் சாவு தாங்க முடியாதவர்களுக்குக் கோட் மோட் இருக்கிறது. தொடக்கத்திலேயே வாங்கும் அடி 20 வீதம் குறையும், ஒவ்வொரு சாவுக்கும் இன்னும் 2 வீதம், உச்சம் 80. போடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கரண்ட் கொன்று ஆள் போவது வேறு. இங்கே போர் நடந்த 90களில் கரண்டே இருக்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனம் நாங்கள். பிறகு கம்பி வந்தது, 2022 இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை வெட்டும் வந்தது. இப்போது அவ்வளவு இல்லை. ஒரு கணம் மினுங்கி வருவதுதான் கேமுக்கு எமன். பழைய லேப்டொப்பில் பற்றரி செத்துப்போயிருக்கும், சார்ஜர் வயரில்தான் உயிர். மினுங்கினால் அணைந்துவிடும்.

அந்த நேரம் கேம் சேவ் எழுதிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? திரும்பப் போட்டதும் பைல் இருக்கும், அளவும் சரியாக இருக்கும், உள்ளே முழுவதும் பூச்சியம். விண்டோஸ் தன் பதிவேட்டில் பைலின் பெயரையும் அளவையும் பத்திரமாக எழுதிவிடுகிறது, உள்ளடக்கம் டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. ஆதனப் பதிவில் காணி இருக்கிறது, போய்ப் பார்த்தால் வெறும் குளம் என்பது போல.

செய்யவேண்டிய ஒழுங்கு இது. கேமைத் திரும்பத் திறக்காதீர்கள். இன்டர்நெட்டை நிறுத்துங்கள். சேவ் போல்டரை அப்படியே வேறிடத்துக்குப் பிரதி எடுங்கள். ஹேடிஸ் என்றால் டொக்கியுமென்ட்ஸுக்குள் சேவ்ட் கேம்ஸ் என்ற போல்டரில் இருக்கும். டெட் செல்ஸ் என்றால் கேமைப் போட்டிருக்கும் போல்டருக்குள்ளேயே சேவ் என்று ஒன்று. பக்கத்தில் பாக்கப் என்றோ பழைய திகதியோடோ ஒரு பைல் கிடந்தால் அதன் பெயரை மாற்றி இடத்தில் வையுங்கள். பிறகு இன்டர்நெட்டை விட்டு ஸ்டீமைத் திறந்தால், இங்கே உள்ளதா மேகத்தில் (ஸ்டீமின் இணையச் சேமிப்பில்) உள்ளதா, எதை வைப்பது என்று கேட்கலாம். அவசரப்பட்டு முதலாவதை அமத்தாதீர்கள். இரண்டின் நேரத்தையும் வாசியுங்கள். பூச்சியம் நிறைந்த பைல்தான் புதியதாகக் காட்டும். அதைத் தேர்ந்தால் மேகத்தில் உள்ள நல்லதும் அழியும்.

சேவ் போல்டரை நாளுக்கு ஒருக்கால் பென் ட்ரைவில் பிரதி எடுத்து வைப்பது கள்ளத்தனம் என்று பெடியங்களுக்குள் ஒரு வாதம் உண்டு, செத்த ஆளை எழுப்பலாம் என்பதால். அரக்கன் கொன்ற ஆளை எழுப்பினால் கள்ளம்தான். கரண்ட் கொன்ற ஆளை எழுப்பலாம், என் கடையில் அதுதான் சட்டம். ஹேடிஸ் ஒவ்வொரு அறை வாசலிலும் தானாகச் சேவ் பண்ணும், அதனால் அங்கே இழப்புக் குறைவு. அறை முடிந்த இடத்தில் கதவைத் தாண்டிவிட்டுச் சாப்பிடப் போங்கள், சண்டை நடுவில் நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

கரண்டே போகவில்லை, இருந்தும் ஒவ்வொரு தடவையும் தொடக்கத்திலிருந்தே வருகிறது என்றால், விண்டோஸ் செக்கியூரிட்டியில் கொன்ட்ரோல்ட் போல்டர் அக்சஸ் என்ற காவல் போடப்பட்டிருக்கிறதா பாருங்கள். டொக்கியுமென்ட்ஸில் எழுத அது கேமை விடாது. கேமை அனுமதிப் பட்டியலில் சேர்த்தால் சரி.

வெட்டச் சொன்னால் வெட்டவில்லை

ஓடித் தப்பும் பட்டன் பல கேம்களில் ஷிப்ட். ஐந்து தரம் வேகமாக அமத்தினால் விண்டோஸின் ஸ்டிக்கி கீஸ் பெட்டி வந்து குறுக்கே நிற்கும். முதலாளி அரக்கனுக்கு முன்னால் அது வந்த கதை கேட்டுச் சிரிக்காத நாளில்லை. அக்சசிபிலிட்டியில் கீபோர்ட் பக்கத்தில் அந்தக் குறுக்குவழியை அணைத்துவிடுங்கள்.

எந்தப் பட்டனும் வேலை செய்யவில்லை, மவுஸ் மட்டும் வேலை செய்கிறது என்றால், மொழி தமிழில் நிற்கிறதா பாருங்கள். முகநூலில் தமிழில் எழுதிவிட்டு அப்படியே கேமுக்குள் போயிருப்பீர்கள். விண்டோஸ் பட்டனும் ஸ்பேஸும் சேர்த்து அமத்தினால் ஆங்கிலத்துக்கு மாறும்.

மூன்று பட்டன் ஒன்றாக அமத்தினால் மூன்றாவது பதிவாகவில்லை என்றால் அது மலிவுக் கீபோர்டின் இயல்பு. உள்ளே வயர்கள் கட்டம் கட்டமாகப் பகிரப்பட்டிருக்கும். வெட்டு, தாவல் எல்லாவற்றையும் வேறு வரிசைப் பட்டன்களுக்கு மாற்றிப் பாருங்கள், பல தடவை சரிவரும்.

கொன்ட்ரோலர் செருகியும் தெரியவில்லை என்றால் பின்பக்கத்தில் எக்ஸ், டி என்று ஒரு சின்ன ஆளி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எக்ஸ் பக்கம் தள்ளுங்கள். மெனுவில் ஒரு தரம் அமத்த இரண்டு தரம் நகர்ந்தால், ஸ்டீமும் கேமும் ஒரே நேரத்தில் அதை வாசிக்கின்றன. அந்தக் கேமுக்கு ஸ்டீம் இன்புட்டை அணையுங்கள்.

காதுக்குள் ம்ம்ம் என்று இரைகிறது, லேப்டொப் தொட்டால் சுறுசுறுக்கிறது

இது கேமின் பிழையே அல்ல, ஆனால் கேம் விளையாடும்போதுதான் ஹெட்செட் போட்டு இருப்பதால் தெரியவரும். எர்த் இல்லை. சதுரப் பின் சார்ஜரை வட்டத் துளை பொயின்டில், மேல் துளையைப் பேனா மூடியால் நெம்பித் திறந்து செருகும் பழக்கம் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. அப்படிச் செருகினால் எர்த் பின் எதையும் தொடாமல் நிற்கும். சரியான மாற்றி வாங்குங்கள். அதற்குப் பிறகும் சுறுசுறுத்தால் பொயின்டிலேயே எர்த் வயர் இல்லாமல் இருக்கலாம், ட்ரிப் ஸ்விட்சும் வேலை செய்கிறதா என்று வயரிங் தெரிந்த ஒருவரைக் கொண்டு பாருங்கள். இதைப் பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

புளூடூத் ஹெட்செட்டில் வெட்டிய பிறகு சத்தம் வந்தால் அது திருந்தாது. வயர் உள்ளதைப் போடுங்கள்.

டவுன்லோட் முடிகிறதில்லை

இரவு டேட்டா நேரத்துக்கு ஸ்டீமின் டவுன்லோட் நேர அட்டவணையை வைத்துவிட்டுப் படுங்கள். 200 எம்பி அப்டேட் டிஸ்க்கில் இடமில்லை என்று நின்றால் திகைக்காதீர்கள், சில கேம்கள் பெரிய பைலை முழுக்கத் திரும்பக் கட்டுவதால் கேமின் அளவுக்கே காலி இடம் கேட்கும். மச்சான் வீட்டில் அதே கேம் இருந்தால் இன்னும் நல்லது. 2023 இல் வந்த வசதியால் ஒரே ரவுட்டரில் இருக்கும் இரண்டு ஸ்டீம்கள், செற்றிங்ஸில் அனுமதித்தால், கேம் பைல்களைத் தங்களுக்குள்ளேயே கைமாற்றிக்கொள்ளும். டேட்டா மிக மிகக் குறைவாகப் போகும். லேப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு பின்னேரம் போய்விட்டு வாருங்கள், தேத்தண்ணியும் கிடைக்கும்.

கேம் நன்றாக ஓடுகிறது, வீட்டில் ஓடவில்லை

இதைப் பெடியங்கள் பிழை என்று சொல்லி வருவதில்லை. அம்மாக்கள் வருவார்கள். "தம்பி, அந்தக் கேமை ஒருக்கால் அழிச்சு விடும்" என்பார்கள். ஏன் என்று கேட்டால் படிப்பு என்பார்கள். இன்னும் கொஞ்சம் நின்று கதைத்தால் வேறொன்று வரும்.

என் வீட்டிலும் அதுதான் நடந்தது. ஒரு கேமைச் சோதிக்க இரவில் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் அம்மா வந்து நின்றது தெரியவில்லை. திரையில் துண்டு துண்டாகக் கிடந்தது. ஒன்றும் சொல்லவில்லை, போய்ப் படுத்துவிட்டார். விடியும்வரை அவர் அறையில் லைட் எரிந்தது. 2009 இல் போருக்குள்ளால் நாங்கள் எந்த வழியால் வந்தோம் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆகவே இதற்கும் செற்றிங்ஸ் சொல்கிறேன். மேலே சொன்ன கோர் வரியை அணையுங்கள், அதுவே இழுவைக்கும் மருந்து. இரத்தத்தின் நிறத்தை மாற்றும் வசதி இருந்தால் பச்சையோ நீலமோ ஆக்குங்கள். திரை குலுங்கும் ஸ்கிரீன் ஷேக்கை அணையுங்கள். ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்செட். வெடிச் சத்தம் பக்கத்து அறைக்குப் போகக்கூடாது. ஒலிப் பகுதியில் இசை, குரல், சண்டைச் சத்தம் என்று தனித்தனியாக இருந்தால் சண்டைச் சத்தத்தை மட்டும் இறக்கலாம். கோர் வரியே இல்லாத கேம் என்றால், திரை வாசலுக்கு முதுகு காட்டும்படியும் நீங்கள் சுவர்ப்பக்கம் சாய்ந்திருக்கும்படியும் மேசையைத் திருப்புங்கள், யார் வந்தாலும் உங்களுக்கு முதலில் தெரியும்.

பிறகொரு நாள் இரத்தம் அணைத்த அதே கேமை நான் விளையாட, அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு கணம் நின்று பார்த்தார். எலும்புக்கூடுகள் சரசரவென்று உடைந்து விழுந்தன. "இதென்ன, ஈர்க்குக் கட்டைப் பிரிச்சு விட்ட மாதிரி" என்றார்.

மேலே உள்ள ஒன்றும் பொருந்தவில்லை

விண்டோஸைத் திரும்பப் போடுவதில் தொடங்காதீர்கள், அது கடைசி. ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லொக்ஸுக்குள் அப்ளிகேஷன் பகுதியில், கேம் விழுந்த நேரத்துக்கு நேரே சிவப்புக் குறியோடு நிற்கும் வரியைத் தட்டுங்கள். போல்ட்டிங் மொடியூல் என்ற இடத்தில் ஒரு பைலின் பெயர் இருக்கும். அது கிராபிக்ஸ் ட்ரைவரின் பைல் என்றால் ட்ரைவரை மாற்றுங்கள், கேமின் பைல் என்றால் வெரிபை பண்ணுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயர் வந்தால் ரேம் குச்சியைச் சந்தேகியுங்கள். இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றி விளையாடிப் பாருங்கள். என்னிடம் கொண்டுவருவதென்றால் அந்த வரியின் படத்தோடும் சொந்தச் சார்ஜரோடும் வாருங்கள்.